கல்லுக்கு ஒரு வணக்கம்

உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் என்பது கெப்ஹார்ட் ஃபெஸ்லரின் முடிவு: நிறுத்திச் சோதிக்கிறவர்கள், சோதிக்கப்படுகிறவர்கள். சுவிட்சர்லாந்து எல்லைச் சாவடியில் சுங்க அதிகாரியாக இருந்து, வேலைக்காலம் முழுக்க வண்டிகளின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே கிடப்பதைப் பார்த்து ஆளை எடைபோட்டவர் அவர். ஓய்வு பெற்று இரண்டு குளிர்காலம் போய்விட்டது. திறக்கச் சொல்ல வண்டி எதுவும் இல்லை. அதனால் கண்ணில் படுகிறவர்களை வண்டி இல்லாமலே எடைபோட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் தேறவில்லை.

முக்கியமாகப் புதன்கிழமைக் கூட்டம். எங்கள் பள்ளத்தாக்கில் ஓய்வு பெற்றவர்கள் புதன்தோறும் சேர்ந்து பனிச்சறுக்குப் போவார்கள். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. வெண்டலின் என்ற பழைய மரக்கடைக்காரர் முன்னால் சறுக்கிப் போவார், மற்றவர்கள் பின்னால் போவார்கள், அவ்வளவுதான். அந்த வெண்டலினுக்கு வசந்தத்தில் இடுப்பு எலும்பை மாற்றி வைத்தார்கள். இனி கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கெப்ஹார்டுக்கு ஒரே ஒரு ஆசை. கூட்டத்தின் முன்னால் தான் போக வேண்டும். தன் தடத்தில் அத்தனை பேரும் வரிசையாக வர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் அவருக்கு. வீட்டில் அவர் பேச்சைக் கேட்பது காப்பி எந்திரம் ஒன்றுதான், அதுவும் சுண்ணாம்பு படிந்த நாட்களில் கேட்காது.

நவம்பர் கடைசியில் சறுக்குக்கு மலை திறக்கிற நாள் வந்தது. காலையில் நிலவறைக்குப் போய் ஸ்கீக்களின், அதாவது சறுக்குப் பலகைகளின், முன்னால் நின்றார். சுவரோரம் இரண்டு ஜோடி. ஒன்று அவருடைய கல் ஸ்கீ. பருவத் தொடக்கத்தில் பனி மெல்லிசாக இருக்கும், அடியில் கல்லும் புல்லும் துருத்திக்கொண்டு நிற்கும். அதில் உரசிக் கெட்டாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிழட்டு ஜோடியை வைத்திருப்போம். ஓரம் துருப்பிடித்து, அடியெல்லாம் கீறலும் மெழுகால் அடைத்த ஓட்டையுமாக இருக்கும் அது. டிசம்பர் பாதி வரைக்கும் அதுதான், நல்லதைத் தொடவே மாட்டோம்.

மற்றொரு ஜோடி புதியது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு தச்சன் கையால் செய்து கொடுத்தது, ஆஷ் மரத்தின் ரேகை அப்படியே தெரிகிற மாதிரி. கோடை முழுக்க கெப்ஹார்ட் அதைத் துணியால் துடைத்தார். இன்றைக்குக் கையை அதன் மேல் வைத்தார்.

படிக்கட்டில் அகாத்தா வந்து நின்றாள். அவர் மனைவி. சிவப்புத் தொப்பி, கையில் பாதி தின்ற ரொட்டி.

"அதையா எடுத்துட்டு வர்ற?" என்றாள்.

"ஏன், என்னவாம்?"

"வெளிய பாத்தியா? புல்லு நுனி தெரியுது. மாடு மேயலாம்."

"கல்லு எங்க இருக்குன்னு தெரியாதவனுக்குத்தான் கல் ஸ்கீ. எனக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்."

"கல்லுக்கு உன்னைத் தெரியணுமே."

"முன்னாடி போறவன் பழைய இரும்புக் கடையைக் கால்ல கட்டிக்கிட்டுப் போக முடியாது, அகாத்தா. ஒரு தோரணை வேணும்."

அவள் ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள். "போன வருஷம் செவெரின் புது ஸ்கீயோட வந்தப்ப என்ன சொன்ன நீ?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. செவெரின் மாதாகோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவன், சாது. பேரப்பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சென்ற நவம்பரில் புது ஸ்கீயோடு வந்து நின்றான். மலைக் குடிசையின் திறந்தவெளியில், அத்தனை பேர் எதிரில், கெப்ஹார்ட் அவனை நிறுத்தி ஸ்கீயைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினான். நவம்பரில் கல் ஸ்கீ இல்லாதவன் வீட்டில் அடுப்போரம் உட்கார்ந்திருக்க வேண்டும், மலை ஒன்றும் பொம்மைக் கடை இல்லை என்றார். செவெரின் காது வரை சிவந்து, அன்றைக்கு முதல் இறக்கத்தோடு வீட்டுக்குப் போய்விட்டான். சரியான பாடம் என்று கெப்ஹார்டுக்கு இன்றைக்கும் திருப்திதான்.

"அவனுக்குச் சறுக்கத் தெரியாது, அதனால சொன்னேன்" என்றார். புது ஜோடியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

கேபிள் கார் நிலையத்தில் வழக்கமான அசிங்கம். திறக்கவே இன்னும் நேரம் கிடந்தது, அதற்குள் கிழடுகள் கம்பி வாசலை மொய்த்துவிட்டன. ஓய்வு பெற்றவனுக்கு அவசரமே கிடையாது என்று யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் கூட இப்படி முழங்கையால் இடிக்க மாட்டான். ஒருத்தன் பூட்ஸ் பக்கிளைப் பூட்டாமல் டொக் டொக்கென்று நடக்கிறான். இன்னொருத்தன் முன்னால் நிற்பவரின் ஸ்கீயை மிதித்துவிட்டு வானத்தைப் பார்க்கிறான். கீழ்ச் சமவெளியிலிருந்து குடியேறிய ஒரு தம்பதி ஒரே நிறத்தில் உடுத்தி, ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கெப்ஹார்ட் அத்தனை பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். இதில் ஒருவனையாவது சோதனை இல்லாமல் எல்லையைத் தாண்ட விட்டிருப்பேனா என்று யோசித்தார். மாட்டார்.

புதன்கிழமைக் கூட்டம் தூணருகே சேர்ந்திருந்தது. வெண்டலின் ஸ்கீ இல்லாமல், கைத்தடியும் கம்பளியுமாக வந்திருந்தார். மேலே குடிசை வாசலில் உட்கார்ந்து பார்ப்பாராம். செவெரின் ஓரத்தில் நின்றான், இந்த வருஷம் கையில் யாரிடமோ இரவல் வாங்கிய ஓட்டை ஜோடி. கெப்ஹார்டின் தோளைப் பார்த்தான், பார்வையைக் கீழே போட்டான், திரும்பவும் பார்த்தான்.

"அழகா இருக்குங்க. புதுசுங்களா?" என்றான்.

"ஆமா."

"இன்னைக்கேவா எடுத்தீங்க?"

"தெரிஞ்சவன் எப்ப வேணா எடுக்கலாம்."

செவெரின் தலையாட்டினான். அவன் முகத்தில் நக்கல் எதுவும் இல்லை. அது கெப்ஹார்டுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கம்பி வாசல் திறக்கும் நேரம் பார்த்து ரோஸ்விதா அம்மாள் வந்து சேர்ந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வருவதே தாமதம், அதில் இடது பூட்ஸின் நாக்கு வெளியே தொங்குகிறது, தொப்பிக்கு மேல் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, முதுகுப்பையிலிருந்து ஒரு தொத்திறைச்சி எட்டிப் பார்க்கிறது. சறுக்கும்போது இரண்டு கையையும் கோழி இறக்கை மாதிரி விரிப்பார். பனி கண்டதும் சிரிப்பார், விழுந்தால் இன்னும் சத்தமாகச் சிரிப்பார். கூட்டத்தில் கெப்ஹார்ட் மிகவும் கேவலமாக நினைத்தது இந்த அம்மாளைத்தான். இவ்வளவு படித்த ஆள் இத்தனை வருஷத்தில் உடம்பின் எடையை வெளிக்காலுக்கு மாற்றக் கூடக் கற்றுக்கொள்ளவில்லையே என்று அவருக்கு உண்மையாகவே அருவருப்பு.

இன்னொரு அருவருப்பும் உண்டு. கல்லில் ஸ்கீ உரசினால் கரக்கென்று ஒரு சத்தம் வரும், பல்லைக் கூசவைக்கும். யாருடைய ஸ்கீ அப்படி உரசினாலும், கூட்டம் முழுவதும் கோலைத் தூக்கிக் கல்லைப் பார்த்து "வணக்கமுங்க" என்று கத்தும். பெரிய மனிதர் ஒருவர் எதிரே வந்துவிட்ட மாதிரி. இந்தக் கூத்தை ஆரம்பித்தது ரோஸ்விதா. பல்லில் ஊசி குத்தும்போது நோயாளியைச் சிரிக்க வைக்கிற பழக்கமாம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் மலைச்சரிவில் கல்லுக்கு வணக்கம் சொல்கிறார்கள். கெப்ஹார்ட் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் கண்முன் அவர் ஸ்கீ கல்லில் உரசியதும் இல்லை. நன்றாகத்தான் சறுக்குவார் மனிதர், அதை மறுக்க முடியாது. மறுக்க முடியவில்லையே என்பதுதான் எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

மேலே குடிசை வாசலில் வெண்டலினைப் பெஞ்சில் உட்கார வைத்து, கம்பளியைப் போர்த்தினார்கள். ரோஸ்விதா அவர் கையில் ஒரு துண்டு தொத்திறைச்சியைத் திணித்தார்.

"இனிமே யாரு முன்னாடி போறதுன்னு சொல்லிடு, வெண்டலின்" என்றார் ஒருவர்.

கெப்ஹார்ட் நிமிர்ந்து நின்றார். புது ஸ்கீயின் மரம் வெயிலில் மின்னியது.

வெண்டலின் நிதானமாக மென்று விழுங்கினார். "நான் என்னத்தைச் சொல்றது. என்னை முன்னாடி போன்னு யாரு சொன்னா? ஒரு நாள் திரும்பிப் பாத்தேன், பின்னாடி எல்லாரும் வந்துகிட்டிருந்தீங்க. யாரு பின்னாடி போகத் தோணுதோ போங்க. அவங்கதான்."

கெப்ஹார்டுக்கு உச்சி குளிர்ந்தது. இதைவிட வேறென்ன வேண்டும். முன்னால் போய்விட்டால் போதும், மிச்சம் தானாக வரும்.

இழுவைக் கம்பியில் அகாத்தாவும் அவரும் ஜோடி. கவிழ்ந்த நங்கூரம் போன்ற அந்தக் கம்பியில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் பின்புறத்தைச் சாய்த்துக்கொண்டால் அது மேலே இழுத்துப் போகும். இடையில் இறங்க முடியாது. குடும்பச் சண்டைக்கு இதைவிடத் தோதான இடம் எங்கள் மாவட்டத்திலேயே கிடையாது.

"கெப்ஹார்ட், ஒண்ணு சொல்றேன், கோவப்படாதே."

"சொல்லு."

"மேல போனதும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை நல்லதாப் பேசு. செவெரின்கிட்டயாவது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா. சும்மாத்தான். மனுஷங்க கேட்டா சந்தோஷப்படுவாங்க."

"காரியம் ஆகணும்னு இனிப்பாப் பேசுறதுக்குப் பேரு லஞ்சம். சாவடியில தினமும் பாத்திருக்கேன்."

"எல்லாரும் கள்ளச்சரக்கோடதான் வர்றாங்களா?"

"பெரும்பாலும்."

கம்பி ஒரு தூணைத் தாண்டும்போது குலுங்கியது. "உன்னையும் அந்தக் கணக்குல சேத்துப்பியா?" என்றாள். அவர் வலதுபுறம் புல்வெளி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் இறங்கினார்கள். வெயில், காற்றில்லை, வானம் கழுவித் துடைத்த மாதிரி. எதிர் மலையெல்லாம் பாதி வெள்ளை, பாதி பழுப்பு. எந்திரம் பீச்சிய பனி நடுவே ஒரு நாடா போலக் கிடந்தது, சமவெளிக்காரர்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும்தான் உண்மையான பனி. வலதுபக்கம் கோடையில் மாடு மேய்ந்து வழவழப்பான புல்வெளி, மேலே கை அகலத்துக்குப் பனி. இடதுபக்கம் ஒரு பள்ளம். காற்று அடித்துக்கொண்டு வந்து கொட்டிய பனி அதில் முழங்கால் ஆழம் கிடந்தது, மெத்தென்று, யார் காலும் படாமல். ஆனால் அடியில் எப்போதோ உருண்டு வந்த கற்கள்.

கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கிளை இறுக்கியது. கெப்ஹார்ட் முன்னால் போய் நின்று கோலை ஊன்றினார்.

"எல்லாரும் கவனிங்க. வலது பக்கம் போறோம். அங்க அடியில கல்லு கிடையாது. ஆளுக்கு ஆளு நல்ல இடைவெளி விடணும். யாரும் யாரையும் தாண்டக் கூடாது. நடுவுல பேச்சு வேண்டாம். நான் பாதியில நிப்பேன், அங்க வந்து சேந்துக்கணும். செவெரின், நீங்க கடைசி. ரோஸ்விதா அம்மா, உங்க பூட்ஸு நாக்கு வெளிய தொங்குது. முதல்ல அதை உள்ள தள்ளுங்க."

எங்கள் மலைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால் நீங்க வாங்க கிடையாது. நீதிபதியானாலும் நீதான், கசாப்புக் கடைக்காரனானாலும் நீதான். மேலே காற்று மெல்லிசு, மரியாதையையும் சேர்த்துச் சுமக்க முடியாது என்பார்கள். கெப்ஹார்டுக்கு இது பிடிக்காது. உயரம் ஏறினால் தராதரம் போய்விடுமா என்பார். அவர் மேலேயும் எல்லோரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். கூட்டமும் நாளடைவில் அவரை மட்டும் நீங்க என்று கூப்பிடப் பழகிவிட்டது. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ரோஸ்விதா குனிந்து நாக்கை உள்ளே தள்ளினார். "அந்தப் புல்வெளி வழி நீளமா வளைஞ்சு வளைஞ்சு போகுங்களே" என்றார். "மாடு வீட்டுக்குப் போற வழி."

"பாதுகாப்பான வழி."

"அது சரிதாங்க."

பிறகு பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார், அடுக்களையில் வெண்ணெய் தடவி வைத்த ரொட்டியைக் குழந்தை பார்க்கிற மாதிரி. கெப்ஹார்ட் அதைக் கவனித்தார், மூக்கைச் சுளித்தார், கோலால் உந்திக் கிளம்பினார்.

என்ன அருமையாகப் போனார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முழங்கால்கள் சேர்ந்து வளைந்தன, தோள் அசையவில்லை, கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. புது ஸ்கீ பனியை வெட்டுகிற சத்தம் பட்டுத் துணி கிழிவது போல இருந்தது. ஒவ்வொரு திருப்பமும் முன்னதன் அளவிலேயே விழுந்தது. இந்த வயதில் உடம்பு இப்படிச் சொன்னபடி கேட்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. சந்தோஷமாக இருந்தார். அதை யாராவது பின்னாலிருந்து பார்க்கிறார்கள் என்பதில் இன்னும் சந்தோஷமாக இருந்தார்.

பாதிச் சரிவில், சொன்னபடி, பக்கவாட்டில் திருப்பி நின்றார். உடனே திரும்பிப் பார்க்கவில்லை. அவசரப்படக் கூடாது. கையுறையைச் சரிசெய்தார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நிதானமாகத் தலையைத் திருப்பினார்.

யாருமில்லை. வெள்ளைச் சரிவில் அவருடைய தடம் மட்டும் மேலிருந்து கீழே வந்திருந்தது.

விழுந்துவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் இடதுபக்கத்திலிருந்து கரக்கென்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து பத்துக் குரலும் ஒன்றாக:

"வணக்கமுங்க."

பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் ரோஸ்விதா, இரண்டு கையும் கோழி இறக்கை. அவர் பின்னால் ஒருவர் பின் ஒருவராக மொத்தக் கூட்டமும், முழங்கால் வரை பனியைக் கிளப்பிக்கொண்டு, கோணல்மாணலாக, ஒருவர் தடத்தை ஒருவர் மிதித்துக்கொண்டு. சிலர் கிறீச்சிட்டார்கள். ஒருத்தர் விழுந்தார், இன்னொருத்தர் அவர் மேலேயே போய் விழுந்தார். எழுந்து, பனியைத் தட்டக் கூட மறந்து மறுபடி கிளம்பினார்கள். கரக். "வணக்கமுங்க." வரிசையின் நடுவில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது.

அகாத்தா.

கெப்ஹார்டின் முகத்தில் ஈயாடவில்லை. மந்தை, என்று வாய்க்குள் சொன்னார். முதலில் எது ஓடுகிறதோ அதன் பின்னால் ஓடுகிற மந்தை. பல்பிடுங்கியின் பின்னால் போகிற புத்தி. இதுகளுக்கு முன்னால் போகத்தான் கோடை முழுக்க அந்த மரத்தைத் துடைத்தேனா. போகட்டும், விழுந்து காலை உடைத்துக்கொள்ளட்டும்.

சொன்னாரே தவிர, அங்கேயே நின்றார். இறங்கிப் போயிருக்கலாம். குடிசைக்குப் போய் ஒரு ரம் கலந்த தேநீர் வாங்கி, வெண்டலினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இறங்க வேண்டிய புல்வெளி திடீரென்று மிகவும் நீளமாகத் தெரிந்தது, மாடு வீட்டுக்குப் போகிற வழியாகவே தெரிந்தது. அப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்தது அவருக்கு. பள்ளத்தின் கீழ்முனையில் ஓடை குறுக்கே போகிறது. பனி மூடியிருக்குமோ இல்லையோ, ரோஸ்விதாவுக்கு அது எங்கே தெரியப் போகிறது. எச்சரிக்க வேண்டியது கடமை. எச்சரித்தால் நிற்பார்கள். நின்றால், அங்கிருந்து ஓடையைச் சுற்றிக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும்.

குறுக்கே வெட்டினார். புல்வெளியிலிருந்து பள்ளத்துக்கு, நேராக, வேகமாக. நடுவே எந்திரப் பனி நாடாவைக் கடந்தார், படம் பிடித்துக்கொண்டிருந்த தம்பதியின் மூக்கருகே போனார். பள்ளத்தின் விளிம்பு வந்தது. அங்கே காற்று பனியை வழித்து உள்ளே தள்ளிவிட்டு, மேலே ஒரு வெள்ளைத் தூசியை மட்டும் விட்டு வைத்திருந்தது. ஒவ்வொரு கல்லும் தெரியும் என்றவர். இந்த ஒரு கல் தெரியவில்லை.

அந்தச் சத்தத்தைக் கீழே வெண்டலின் கூடக் கேட்டாராம். கரக் இல்லை அது. நீளமாக, வறண்டு கிழிகிற சத்தம், ஸ்கீயின் முனையிலிருந்து குதிகால் வரை. கெப்ஹார்ட் விழவில்லை. அவ்வளவு நன்றாகச் சறுக்குகிறவர், ஒற்றைக் காலில் தடுமாறி, கோலை ஊன்றி, நின்றுவிட்டார்.

கீழே பள்ளத்தில், கூப்பிடு தூரத்தில், கூட்டம் ஏற்கனவே நின்றிருந்தது. ஓடைக்கு மேலேயே நிறுத்தியிருந்தார் ரோஸ்விதா. எல்லோர் முகமும் இவர் பக்கம் திரும்பியது.

கெப்ஹார்ட் காத்திருந்தார்.

எதற்குக் காத்திருக்கிறார் என்று முதலில் அவருக்கே விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அந்த ஒற்றைச் சொல் நாடகத்துக்கு, அந்தப் பைத்தியக்கார வணக்கத்துக்கு. வந்திருந்தால் கடிந்துகொண்டிருப்பார். சின்னப்பிள்ளைத்தனம் என்றிருப்பார். வாயில் அதற்கான சொல் தயாராகவே இருந்தது.

யாரும் கோலைத் தூக்கவில்லை. யாரும் சிரிக்கக் கூட இல்லை. செவெரின் தன்னுடைய இரவல் ஸ்கீயின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது எவ்வளவு நல்ல சந்தர்ப்பம். திருப்பிக் காட்டுங்க பார்ப்போம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, பாவம் பார்த்தான்.

ரோஸ்விதாதான் வாயைத் திறந்தார். "உங்களுக்கு ஒண்ணும் அடிபடலையேங்க, ஃபெஸ்லர் சார்?"

நல்ல குரலில்தான் கேட்டார். பல்லைப் பிடுங்கப் போகிற ஆளிடம் கேட்கிற மாதிரி இல்லை, தெருவில் முன்பின் தெரியாதவர் தடுக்கி விழுந்தால் கேட்போமே, அந்த மாதிரி.

"இல்லை" என்றார் கெப்ஹார்ட்.

"அப்ப சரிங்க. ஓடையைச் சுத்தி நாங்க இப்படிப் போறோம். நீங்க பாத்து வாங்க."

அவ்வளவுதான். ரோஸ்விதா திரும்பினார், ஓடையின் மேல்கரையோடு இறக்கையை விரித்துக்கொண்டு போனார். வழி தெரிந்துதான் போனார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். போன சற்று நேரத்தில் யாருடைய ஸ்கீயோ கல்லில் பட்டது, மறுபடியும் அந்தக் கூச்சல் எழுந்தது, இப்போது இன்னும் உற்சாகமாக.

கெப்ஹார்ட் குனிந்து ஒரு ஸ்கீயைக் கழற்றித் திருப்பினார். அடிப்பாகம் பிளந்து, உள்ளே வெள்ளை மரம் சதை மாதிரி தெரிந்தது. கல்லையும் பார்த்தார். சாதாரணக் கல், தலையணை அளவு, மேலே கொஞ்சம் பாசி. அதன் முதுகில் அவருடைய மெழுகு நீலமாக ஒட்டியிருந்தது. எத்தனை வருஷமாக இந்தச் சரிவில் ஒவ்வொருவனும் இடித்துக்கொண்டான், ஒவ்வொருவனுக்கும் பத்துக் குரல் கிடைத்தது. தனக்கு மட்டும் ஒரு விசாரிப்பு. உள்ளே பொங்கியதை அவமானம் என்று நினைத்தார், ஆனால் அது அவமானம் இல்லை. அழுகை. அவருக்கு வித்தியாசம் தெரிந்தது, தெரிந்ததுதான் இன்னும் மோசம்.

சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, தொப்பியின் விளிம்பில் கை வைத்து, கல்லைப் பார்த்துச் சொன்னார்.

"வணக்கமுங்க."

முணுமுணுப்புதான். பனி அதை அப்படியே விழுங்கிவிட்டது.

"சத்தமாச் சொல்லு" என்றது ஒரு குரல். "யாருக்கும் கேக்கல."

சிவப்புத் தொப்பி. அகாத்தா மட்டும் போகாமல், விளிம்புக்குக் கீழே, கோலில் சாய்ந்து நின்றிருந்தாள்.

கெப்ஹார்ட் வாயைத் திறந்தார். சாவடியில் மழையிலும் பனிப்புயலிலும், ஓடுகிற எந்திரங்களுக்கு மேலே, அடுத்த வண்டி, அடுத்த வண்டி என்று கத்திப் பழகிய தொண்டை அது. கீழே கூட்டம் இன்னும் காதுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரே ஒரு சொல்தான். கத்தியிருந்தால் பத்துப் பேரும் நின்றிருப்பார்கள், கோலைத் தூக்கியிருப்பார்கள், எங்களுக்கு அவ்வளவு போதும்.

குரல் வரவில்லை.

அகாத்தா சிறிது நேரம் பார்த்தாள். பிறகு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு மற்றவர்கள் பின்னால் போனாள். கெப்ஹார்ட் பிளந்த ஸ்கீயை மாட்டிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். பத்துப் பேர் மிதித்துக் குழப்பிய தடத்தில், செவெரினுக்கும் பின்னால், கடைசி ஆளாக, ஓடையைச் சுற்றிக்கொண்டு போனார்.